இலக்குப் பலகையில் எதை ஒட்டுவது?

வெருலம் ஆசிரியை

எல்லோருக்கும் வணக்கம். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, எங்கள் தமிழ் வகுப்புக் கூடத்தில் இந்த ஆண்டு மெட்ரிக் (தென்னாப்பிரிக்காவின் பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வு) எழுதும் பிள்ளைகளுக்கு விஷன் போர்டு, அதாவது இலக்குகளைப் படமாகவும் எழுத்தாகவும் ஒட்டி வைக்கும் பலகை, செய்யும் பட்டறை வைக்கிறோம். பிள்ளைகளும் பெற்றோருமாக இருபது பேர், மூன்று மணி நேரம். எந்த அளவில் பலகை, எந்தப் பசை, பழைய இதழ்களை வெட்டி ஒட்டச் சொல்வதா, அச்சிட்டுக் கொடுப்பதா என்று தெரிய வேண்டும். அதைவிட முக்கியம், இது உண்மையில் பலன் தருகிறதா? பிள்ளைகள் கேட்பார்கள், மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

மாரிட்ஸ்பர்க் ஆலோசகர்

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது.

ஆசைப்பட்ட பொருளின் படத்தைத் தினமும் பார்த்தால் அது தானாக வந்து சேரும் என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். ஆய்வுகள் அதற்கு எதிராகத்தான் இருக்கின்றன. உளவியலாளர்கள் கப்ரியேலே ஓட்டிங்கனும் தாமஸ் வாடனும் 1991இல் வெளியிட்ட ஆய்வில், எடை குறைக்கும் திட்டத்தில் சேர்ந்த பெண்களைக் கவனித்தார்கள். 'என்னால் முடியும்' என்று எதிர்பார்த்தவர்கள் அதிகம் மெலிந்தார்கள். மெலிந்த பிறகு எப்படியெல்லாம் இருப்போம் என்று இனிமையாகக் கற்பனை செய்தவர்கள் குறைவாகவே மெலிந்தார்கள். நம்பிக்கை வேறு, பகற்கனவு வேறு. 2011இல் ஹெதர் கேப்ஸும் ஓட்டிங்கனும் இதன் காரணத்தைத் தேடினார்கள். எல்லாம் நன்றாக முடிந்துவிட்டதாகக் கற்பனை செய்தவர்களுக்கு, உடலின் உந்துதலைக் காட்டும் அளவுகள், மேல் ரத்த அழுத்தம் உட்பட, தாழ்ந்திருந்தன. கிடைத்துவிட்டது என்ற நிம்மதி முன்கூட்டியே வந்துவிடுகிறது; எழுந்து வேலை செய்யும் வேகம் போய்விடுகிறது.

பலன் தருவது வேறு வகைப் படம். லியன் பாமும் ஷெல்லி டெய்லரும் 1999இல் வெளியிட்ட ஆய்வு உங்கள் பிள்ளைகளுக்கு நேராகப் பொருந்தும். தேர்வுக்குச் சில நாள் முன்பிருந்து ஒரு குழு மாணவர்கள் நல்ல மதிப்பெண் வாங்கி மகிழும் காட்சியை மனதில் பார்த்தார்கள். இன்னொரு குழு, எங்கே உட்கார்ந்து, எந்தப் பாடத்தை எடுத்து, தொலைக்காட்சியை அணைத்து எப்படிப் படிப்போம் என்பதைப் பார்த்தது. இரண்டாம் குழு அதிக நேரம் படித்தது, அதிக மதிப்பெண்ணும் வாங்கியது.

ஆகவே பலகையில் பெரிய இடம் செயலின் படத்துக்கு. பட்டமளிப்புத் தொப்பி மூலையில் சின்னதாக இருக்கட்டும். நடுவில், அந்தப் பிள்ளை உண்மையில் உட்காரும் மேசையின் படம். அதன் கீழே உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் சொன்ன வடிவில் ஒரு வரி: 'இன்னது நடந்தால், இன்னது செய்வேன்.' உதாரணமாக, 'இரவுச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும், போனைக் கூடத்தில் விட்டுவிட்டு மேசைக்குப் போவேன்.' நேரத்தை மட்டும் எழுதினால் அது வழுக்கிக்கொண்டே போகும். தினமும் தவறாமல் நடக்கும் ஒரு காரியத்தோடு கட்டினால் நிற்கும்.

டோங்காட் சட்டகம்

அக்கா, பொருள் விவரம் என் பங்கு.

பிள்ளைகளுக்கு ஏ2 அளவு போதும், 420க்கு 594 மில்லிமீட்டர். 5 மி.மீ. தடிமனுள்ள ஃபோம் போர்டு வாங்குங்கள். ஏ1 பலகை ஒன்றை நடுவில் வெட்டினால் இரண்டு ஏ2 வரும். இருபது பேருக்குப் பத்து ஏ1 போதும், கெட்டுப்போனால் மாற்ற ஒன்று கூடுதல். வெட்டுவதை முந்தின நாளே முடித்துவிடுங்கள். புது பிளேடு போட்டு, இரும்பு ஸ்கேல் வைத்து, மூன்று இழுப்பு: முதல் இழுப்பு மேல்தாளுக்கு, இரண்டாவது உள்ளே இருக்கும் நுரைக்கு, மூன்றாவது அடித்தாளுக்கு. ஒரே அழுத்தில் வெட்டப் பார்த்தால் நுரை கிழிந்து விளிம்பு பல்லிளிக்கும்.

பசைதான் நம் கடற்கரைப் பக்கத்தில் தொல்லை. வெள்ளைப் பசையில் தண்ணீர் அதிகம். இதழ்த் தாள் மெல்லியது, ஈரத்தில் விரிந்து காயும்போது சுருங்கிச் சுருக்கம் விழும். நிறைய ஒட்டினால் பலகையே ஒட்டிய பக்கமாக வளையும். வளைந்ததை நிமிர்த்த, பின்பக்கமும் அதே பசையால் ஒரு முழுத்தாள் ஒட்டிச் சமப்படுத்த வேண்டும். பட்டறைக்கு அது வேண்டாம், குச்சிப் பசையே நல்லது. 40 கிராம் குச்சி இரண்டு பேருக்கு ஒன்று என்று கணக்கு வையுங்கள். படத்தின் பின்பக்கம் விளிம்புவரை பூசி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துணியால் தேய்த்து ஒட்டச் சொல்லுங்கள். மூலையில் மட்டும் பொட்டுப் பொட்டாக வைத்தால் டர்பன் கோடையில் ஒரு மாதத்துக்குள் சுருண்டு எழும். ஸ்ப்ரே பசை மூடிய கூடத்தில் கூடாது. நெடி ஒருபுறம், சில வகைகள் வெட்டிய விளிம்பில் தெரியும் நுரையையே கரைத்துவிடும்.

அச்சிடுவதாக இருந்தால் லேசர் அச்சு. சாதாரண இங்க்ஜெட் மை நம் ஈரக்காற்றில் கசியும், வெயிலில் மங்கும். தாள் சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கிராம் வரை இருக்கட்டும். 80 கிராம் தாளில் பின்னால் இருப்பது தெரியும்.

எல்லாப் படத்தையும் நிரந்தரமாக ஒட்டாதீர்கள். மாறக்கூடியதைப் பிரெஸ்டிக் (கழற்றி மறுபடி ஒட்டக்கூடிய களிம்புப் பசை) வைத்து ஒட்டலாம், ஆனால் அதன் எண்ணெய் மெல்லிய தாளில் ஊறிக் கறை காட்டும். படத்தின் பின்னால் முதலில் ஒரு துண்டு செலோடேப் ஒட்டி, அதன்மேல் பிரெஸ்டிக் வையுங்கள்.

மாட்டும் இடம்: நமக்கு வெயில் வடக்கிலிருந்து வருகிறது. இந்தியாவிலோ அமெரிக்காவிலோ எழுதிய குறிப்பைப் படித்துத் தெற்குச் சன்னலைத் தவிர்க்காதீர்கள். இங்கே தவிர்க்க வேண்டியது வடக்குச் சன்னலின் நேர் வெயில். வெளிச்சுவரின் உள்பக்கத்தில் மாட்டினால் பலகையின் பின்பக்கம் பூசணம் பிடிக்கும். நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டி ஒரு சென்டிமீட்டராவது காற்றிடைவெளி விடுங்கள்.

சாட்ஸ்வொர்த் கணக்கு

ஆலோசகர் சொன்னதை மெட்ரிக்குக்கு இறக்கிப் பார்ப்போம். '80% கணக்கு' என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுவதால் ஒன்றும் நடக்காது. அந்த 80 எங்கிருந்து வரும் என்பதுதான் பலகையில் இருக்க வேண்டும்.

கணக்கு முதல் தாள் 150 மதிப்பெண், மூன்று மணி நேரம். அது ஏறத்தாழ இப்படிப் பிரியும்: இயற்கணிதமும் சமன்பாடுகளும் 25, எண் தொடர்கள் 25, நிதிக் கணக்கு 15, சார்புகளும் வரைபடங்களும் 35, வகைநுண்கணிதம் 35, நிகழ்தகவு 15. ஒவ்வொன்றும் மூன்று மதிப்பெண் கூடலாம், குறையலாம். இரண்டாம் தாளும் 150தான்: புள்ளியியல் 20, ஆயத்தொலை வடிவியல் 40, முக்கோணவியல் 50, யூக்ளிட் வடிவியல் 40.

இந்தப் பத்தையும் மதிப்பெண்ணுக்கு ஏற்ற நீளமுள்ள பட்டைகளாக, ஒரு மதிப்பெண்ணுக்கு 2 மி.மீ. என்று வரையச் சொல்லுங்கள். 50 மதிப்பெண் என்றால் 10 செ.மீ. கடைசியாக எழுதிய தேர்வில் எடுத்ததை அதில் வண்ணம் தீட்டட்டும். எங்கே வெள்ளையாக இருக்கிறது என்று பிள்ளையே பார்த்துவிடும். பெரும்பாலும் யூக்ளிட் பட்டைதான் பாதிக்கு மேல் வெள்ளையாகக் கிடக்கும், பல பிள்ளைகள் அதைக் கைகழுவிவிட்டு மற்றதில் ஈடுகட்டப் பார்ப்பதால். மொத்தம் 300இல் 80% என்றால் 240. அறுபது மதிப்பெண்தான் விடலாம். யூக்ளிடில் நாற்பதையும் விட்டுவிட்டால் மற்ற ஒன்பதிலும் சேர்த்து இருபதைத்தான் தவறவிடலாம். எந்த அறிவுரையையும்விட அந்தப் பட்டை உறைக்கச் சொல்லும்.

இன்னொன்று, தேதிகள். குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகங்களுக்கு சிஏஓ என்ற மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாக விண்ணப்பிக்கும் கடைசி நாள் வழக்கமாகச் செப்டம்பர் 30. மருத்துவம் போன்ற சில படிப்புகளுக்கு அதற்கும் முன்பே. முதற்கட்டமாக இடம் ஒதுக்கப் பதினோராம் வகுப்பு மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள். அதனால் பட்டறைக்கு வரும்போது பதினோராம் வகுப்பு முடிவுத்தாளைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். அது இல்லாமல் செய்யும் பலகை வெறும் அலங்காரம்தான்.

கிளேர்வுட் அம்மா

எல்லாரும் நல்லதைத்தான் சொல்கிறீர்கள். ஆனால் எனக்கு ஒரு மனத்தாங்கல். வெள்ளைக் கோட்டுப் போட்ட டாக்டர் படம் ஒரு பிள்ளையின் நெஞ்சில் ஆசையை மூட்டுகிறது. அதை மூலைக்குத் தள்ளி மேசையையும் பட்டைகளையும் நடுவில் வைத்தால் பிள்ளைக்கு எதன்மேல் பற்று வரும்? சலிப்புத்தான் வரும். தைப்பூசக் காவடிக்கு நோன்பிருக்கிறவர் முருகனை நினைத்துத்தானே நோன்பிருக்கிறார், பாரத்தை நினைத்தா? சாமி படத்தையும் பலகையில் வைக்கலாமா என்றும் சொல்லுங்கள். காமாட்சி விளக்குக்குப் பக்கத்தில் பலகையை வைத்தால் தினமும் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்களே.

மாரிட்ஸ்பர்க் ஆலோசகர்

அம்மா, நீங்கள் சொன்ன காவடியே நல்ல உதாரணம். முருகனை நினைத்தவர் அதோடு நிற்கவில்லை. எந்த நாளிலிருந்து நோன்பு, எதைச் சாப்பிடக் கூடாது, எத்தனை மணிக்குக் குளித்துப் பூசை என்று எல்லாம் வகுத்து வைத்திருக்கிறார். ஆசையும் ஒழுங்கும் அங்கே ஒன்றாக இருக்கின்றன. விஷன் போர்டில் ஆசையை மட்டும் வெட்டி எடுத்து ஒட்டிவிடுகிறார்கள், அதுதான் கோளாறு.

டாக்டர் படத்தை எடுக்கச் சொல்லவில்லை. வரிசைதான் முக்கியம். ஓட்டிங்கன் பரிந்துரைக்கும் முறையில் முதலில் விருப்பம், அடுத்து அது நிறைவேறினால் வரும் மிக நல்ல பலன், அதன் பிறகு உடனே தனக்குள் இருக்கும் தடை, கடைசியில் தடை வரும்போது என்ன செய்வது என்ற திட்டம். தடையை முதலில் நினைத்துப் பிறகு பலனை நினைத்தால் அந்த வேகம் வருவதில்லை என்று அவருடைய ஆய்வுகளே காட்டுகின்றன. எனவே இடமிருந்து வலமாக டாக்டர் படம், தடை, திட்டம் என்று அமையட்டும். கண் அந்த வரிசையில் போகும்.

தடையைப் படமாக வைக்கத்தான் பெற்றோர் தயங்குவார்கள், அபசகுனம் போல இருக்கிறதே என்று. ஆனால் பலகையிலேயே அதிகம் வேலை செய்யும் துண்டு அதுதான். அது வெளியே இருக்கும் தடையாக இருக்கக் கூடாது. 'பள்ளியில் ஆசிரியர் சரியில்லை' என்று எழுதினால் பிள்ளை செய்ய ஒன்றும் இல்லை. 'புரியாததைக் கேட்க வெட்கப்படுகிறேன்' என்றால் செய்ய இருக்கிறது: 'ஒரு கணக்கில் பத்து நிமிடம் சிக்கிக்கொண்டால், அதைப் படமெடுத்து வகுப்புக் குழுவில் போடுவேன்.'

டோங்காட் சட்டகம்

சாமி படம் பற்றி அம்மா கேட்டதற்கு: விளக்கடியில் வேண்டாம். சூடமும் எண்ணெய்த் திரியும் விடும் கரி தாளில் படியும், துடைத்தால் இழுவிக்கொள்ளும். ஃபோம் போர்டு எளிதில் தீப்பிடிக்கும் பொருள். விளக்கு விளக்கிடத்தில் இருக்கட்டும், பலகை படிக்கும் இடத்தில் இருக்கட்டும். பலகையில் மாட்டியதை வாராவாரம் கழற்றுவோம், கிழிப்போம். சாமி படத்தை அப்படிச் செய்ய மனம் வராது.

உம்பிலோ ஓட்டம்

பெற்றோரும் வருகிறார்கள் என்றதால் கேட்கிறேன், அவர்களில் யாராவது காம்ரேட்ஸ், அதாவது டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே நடக்கும் நெடுந்தூர ஓட்டம், ஓடும் ஆசையில் இருக்கிறார்களா? டர்பனில் பெரியவர்கள் செய்யும் பலகைகளில் இது அடிக்கடி வரும். முக்கால்வாசிப் பலகையில் பதக்கத்தின் படம்தான் இருக்கும். பதக்கத்தைப் பார்த்துக் கால் பழகாது.

பலகையின் அடியில் ஐந்து மேடுகளை வரிசையாக வரையுங்கள். டர்பனில் தொடங்கி மேலே ஏறும் ஆண்டில் கௌவீஸ் ஹில், ஃபீல்ட்ஸ் ஹில், போத்தாஸ் ஹில், இன்சாங்கா, பாலி ஷார்ட்ஸ் என்ற வரிசை. மேலிருந்து டர்பனுக்கு இறங்கும் ஆண்டில் அது தலைகீழ். ஓட்டத்தை முடிக்கப் பன்னிரண்டு மணி நேரம். சுமார் 87 கிலோமீட்டருக்கு அதைப் பகுத்தால் கிலோமீட்டருக்கு எட்டே கால் நிமிடம் வருகிறது. தண்ணீர் மேசையில் நிற்பது, மேட்டில் நடப்பது எல்லாம் இதற்குள் அடக்கம். அதனால் பலகையில் எழுத வேண்டியது எட்டே கால் அல்ல, சமதளத்தில் ஏழரை. இந்த வித்தியாசத்தைக் கணக்கில் கொள்ளாதவர்கள்தான் பாலி ஷார்ட்ஸில் கடிகாரத்தைப் பார்த்து இடிந்துபோகிறார்கள்.

நடுவில் வாராந்திரக் கட்டங்கள். ஓடிய கிலோமீட்டரை ஓடிய அன்றே பேனாவால் எழுத வேண்டும். ஓடாத வாரத்தையும் காலியாக விடாமல் 0 என்று எழுதுங்கள். காலிக் கட்டத்தைப் 'பிறகு நிரப்பலாம்' என்று கண் கடந்துவிடும், சுழியம் அப்படி விடாது.

ஃபீனிக்ஸ் கணக்கர்

ஓட்டம் அண்ணா சொன்ன கட்டம் பணத்துக்கும் அப்படியே பொருந்தும். வீடு வாங்கும் பலகைகளில் அம்ஷ்லாங்கா கடலோர மாளிகைப் படம் இருக்கும், தொகை இருக்காது. முன்பணம் 120,000 ரேண்ட், மூன்று ஆண்டு என்று வைத்தால் மாதம் 3,334. முப்பத்தாறு கட்டம் வரைந்து, பணம் கணக்கில் விழுந்த அன்று ஒன்றை நிரப்புங்கள். விழப்போகிறது என்று முன்கூட்டி நிரப்பக் கூடாது. அந்தப் பணம் 32 நாள் முன்னறிவிப்புக் கணக்கில் இருந்தால் நல்லது. எடுக்க ஒரு மாதம் காத்திருக்க வேண்டும் என்பதே பாதி ஆசையை அடக்கிவிடும்.

வீட்டு விலையோடு சேரும் செலவுக்கும் ஒரு கட்டம் வையுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் 1,210,000 ரேண்ட் வரையான வீட்டுக்குப் பரிமாற்ற வரி இல்லை. அதற்குமேல் உள்ள பகுதிக்கு, 1,663,800 வரை, 3%. பதினைந்து லட்சம் ரேண்ட் வீடு என்றால் வரி 8,700. வழக்கறிஞர் கட்டணமும் கடன் பதிவுச் செலவும் தனி. வரி இல்லாத வீட்டுக்கும் அவை உண்டு, பலர் திட்டத்தில் விடுவது இதைத்தான்.

ஸ்டோக்வெலில் (முறை வைத்துப் பணம் எடுக்கும் குழுச் சேமிப்பு, நம் சீட்டுப் போல) சேர்ந்து சேமிப்பவர்கள் தங்கள் முறை வரும் மாதத்தைப் பலகையில் குறித்து, அந்தத் தொகை எதற்கென்று அதே கட்டத்தில் எழுதிவிடுங்கள். எழுதாத தொகை டிசம்பரில் கரைந்துவிடும். பண இலக்கை ஜனவரியில் தொடங்கவும் வேண்டாம். டிசம்பர்ச் சம்பளம் முன்கூட்டி வந்து செலவாகி, பள்ளிக் கட்டணமும் சீருடையும் நிற்கும் மாதம் அது. முதல் கட்டமே காலியானால் பலகையின் மேலேயே வெறுப்பு வந்துவிடும். பிப்ரவரிச் சம்பளத்திலிருந்து தொடங்குங்கள், ஆசிரியை அக்காவின் பட்டறையும் அதே மாதத்தில்தான் வருகிறது.

பைன்டவுன் இளையவன்

போன் முகப்புப் படமாக வைத்தால் போதாதா? பலகை, பசை எல்லாம் எதற்கு?

மாரிட்ஸ்பர்க் ஆலோசகர்

போதாது தம்பி. போன் திறக்கும் கணத்தில் மனம் ஏற்கெனவே வேறொன்றைத் தேடிப் போய்க்கொண்டிருக்கும், படம் அதற்கு வெறும் வழிதான். அதோடு, மாறாத எந்தப் படமும் சில வாரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போகும், சுவரில் இருந்தாலும்தான். சுவர்ப் பலகையின் மேன்மை, அதில் கையால் எழுதலாம் என்பது. பெஞ்சமின் ஹார்க்கினும் மற்றவர்களும் 2016இல் 138 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, முன்னேற்றத்தைக் கண்காணிப்பவர்கள் இலக்கை அதிகம் எட்டினார்கள். எழுதிப் பதிந்தாலும், மற்றவர் அறியச் செய்தாலும் பலன் இன்னும் கூடியது. போனில் செய்தே ஆக வேண்டும் என்றால் முகப்புப் படத்தை விட்டுவிடு, வாரம் ஒருமுறை நிரப்பும் அட்டவணையாக வை.

வெருலம் ஆசிரியை

எல்லோருக்கும் மிக்க நன்றி. இன்னும் இரண்டு கேள்விகள். மூன்று மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது? பெற்றோர் பக்கத்தில் இருக்கும்போது பிள்ளை தன் மனதில் உள்ளதை எழுதுமா?

சாட்ஸ்வொர்த் கணக்கு

முதல் ஐம்பது நிமிடம் கத்தரிக்கோலே வெளியே வரக் கூடாது. தாளும் பென்சிலும் மட்டும்: விருப்பம், பலன், தடை, திட்டம், முடிவுத்தாளை வைத்துப் பட்டைகள். இதழ்களை முதலிலேயே மேசையில் பரப்பினால், படம் என்ன கிடைக்கிறதோ அதற்கேற்ப இலக்கு மாறிவிடும். கார் விளம்பரம் நிறைய இருந்தால் எல்லார் பலகையிலும் கார் வரும்.

அடுத்த நாற்பது நிமிடம் படம் தேடி வெட்டுவது. ஒருவருக்கு ஏழு படத்துக்கு மேல் வேண்டாம். பிறகு பத்து நிமிடம் பசையில்லாமல் அடுக்கிப் பார்த்துப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டும். ஒட்டுவதற்கு நாற்பது. பலகையில் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்க வேண்டும், வாரக் கட்டங்களுக்கும் பிறகு வருபவற்றுக்கும். கடைசி நாற்பதும் எழுத்துக்கு. இரண்டு மீட்டர் தூரத்திலிருந்து படிக்க எழுத்து ஒன்றரை சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது.

பெற்றோரை வேறு மேசையில் உட்கார வைத்து அவர்களும் தங்களுக்கு ஒன்று செய்யட்டும். பிள்ளையின் பலகையில் பெற்றோர் ஒரு படம்கூட ஒட்டக் கூடாது, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அப்பா ஒட்டிய டாக்டர் படம் அப்பாவின் இலக்கு.

கிளேர்வுட் அம்மா

அந்தக் கடைசி வரியை ஒத்துக்கொள்கிறேன். பல வீட்டில் பார்க்கிற சங்கதிதான் அது. தடையை எழுதும் துண்டை மட்டும் மடித்து ஒட்டினால் என்ன? வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் படிக்க வேண்டாமே.

டோங்காட் சட்டகம்

நல்ல யோசனை அம்மா. 160 கிராம் அட்டையில் கதவு போல ஒரு மடிப்பு: 10க்கு 15 செ.மீ. துண்டை நடுவில் மடித்து, அடிப்பாதியை மட்டும் ஒட்டினால் போதும். மடிக்கும் கோட்டை மைதீர்ந்த பேனாவால் முதலில் அழுத்திக் கோடிட்டால் மடிப்பு வெடிக்காது. முழுப் பலகையையும் மறைக்க விரும்பும் பிள்ளை ஏ3 அளவில் செய்து அலமாரிக் கதவின் உள்பக்கம் மாட்டட்டும், தினமும் உடை எடுக்கும்போது எப்படியும் பார்க்கும்.

வெருலம் ஆசிரியை

பலகையை எப்போது மாற்றுவது? இலக்கு கைகூடாமல் போனால் என்ன செய்வது?

மாரிட்ஸ்பர்க் ஆலோசகர்

கட்டங்களை வாரம் ஒருமுறை நிரப்ப வேண்டும், படங்களைப் பருவம் ஒருமுறை பார்க்க வேண்டும். பள்ளியின் நான்கு பருவ விடுமுறையும் அதற்கு ஏற்ற நேரம். அதோடு புரட்டாசி தொடங்கும் செப்டம்பர் நடுப்பகுதி. அப்போது நம் வீடுகளில் சமையலே மாறும், முன்னோட்டத் தேர்வின் மதிப்பெண்ணும் வரத் தொடங்கியிருக்கும். பட்டைகளை அந்த மதிப்பெண்ணால் மறுபடி தீட்டி, ஒரே ஒரு திட்ட வரியை மாற்றினால் போதும். பழக்கம் படிய நாளாகும். ஃபிலிப்பா லாலியின் 2010 ஆய்வில் நடுமதிப்பு 66 நாள், ஆனால் ஆளுக்கு ஆள் 18இலிருந்து 254 வரை வேறுபட்டது. மூன்று வாரத்தில் படியவில்லை என்று யாரும் பலகையைக் கழற்ற வேண்டாம்.

சாட்ஸ்வொர்த் கணக்கு

கைகூடாமல் போனால் என்பதற்கு இடத்தைப் பிப்ரவரியிலேயே விட்டுவைக்க வேண்டும். வலது கீழ்மூலையில் 'இரண்டாம் வழி' என்று ஒரு கட்டம்: அதே துறைக்குப் போகும் குறைந்த புள்ளி கேட்கும் படிப்பு ஒன்று, டிவெட் எனப்படும் தொழிற்பயிற்சிக் கல்லூரிப் படிப்பு ஒன்று. சிஏஓ விண்ணப்பத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட விருப்பங்கள் தரலாம் என்பதால் அவை வெறும் ஆறுதலாக நிற்காமல் விண்ணப்பத்திலேயே ஏறிவிடும். அதன் கீழே விடைத்தாள் மறுமதிப்பீட்டுக்கும் மே-ஜூனில் மறுபடி எழுதும் தேர்வுக்கும் பதிய வேண்டிய கடைசி நாள்கள். முடிவுகள் ஜனவரியில் வரும், அந்தப் பதிவுக்காலங்கள் சில வாரங்களிலேயே முடிந்துவிடும். அந்த வாரத்தில் வீட்டில் யாருக்கும் தேதி தேடும் நிதானம் இருக்காது. தேதிகள் அறிவிக்கப்பட்டதும் எழுதிக்கொள்ள ஒரு வெற்று வரியை மட்டும் இப்போதே கோடு போட்டு வைக்கச் சொல்லுங்கள்.